கழுவிய கல்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மீன்களெல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

அழகுபாண்டி தொட்டிக்கரையில் நின்று பார்த்தான். அறுநூறு ஜிலேபி மீன். தீனிக்கு வந்தால் முட்டி மோதும், வாலால் அடித்து அவன் சட்டையை நனைக்கும். இன்றைக்கு எதுவும் துள்ளவில்லை. மூச்சுக்காக வந்து நிற்கின்றன என்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கண்ணாடிக் குழாயில் தண்ணீரை மொண்டான். சோதனைச் சொட்டுகளை விட்டுக் குலுக்கினான். மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் பச்சைக்குப் போனது. ஐந்து நிமிடத்தில் கரும்பச்சை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் ஏறிக் கிடந்தது. இப்படியே விட்டால் நாளைக் காலைக்குள் அறுநூறும் மிதக்கும்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காற்று பம்ப் ஊதிக்கொண்டிருந்தது. தொட்டித் தண்ணீர் ஏறி, ஜல்லி நிரப்பிய நான்கு நீல டிரம்களுக்குள் புகுந்து வடிந்து, கீரையும் புதினாவும் நிற்கும் குழாய்களில் ஓடி, மறுபடி தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் எப்போதும் போலத்தான்.

முதல் டிரம்மின் மூடியைத் திறந்து கையை விட்டான். ஒரு கை ஜல்லியை அள்ளினான்.

கல் சுத்தமாக இருந்தது.

விரலால் தேய்த்தால் கிறீச்சென்றது. லாரியில் வந்து இறங்கிய அன்று இருந்த மாதிரி. மூக்கருகே கொண்டு போனான். லேசாக, மிக லேசாக, பிளீச்சிங் பவுடர் வாடை.

இரண்டாவது டிரம். மூன்றாவது. நான்காவது. எல்லாம் பளிச்.

அந்தக் கல்லில் பழுப்பு நிறத்தில் ஒரு வழவழப்பு இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கும் வழவழப்பு. மீனின் நஞ்சைத் தின்று செடிக்கு உரமாக்கித் தருவது அதுதான். ரோகிணி அதை வளர்த்தெடுக்க நான்கு மாதம் ஆனது. ஒரு நோட்டு போட்டுத் தினமும் எழுதினாள். 'கல்லுல தோல் வந்திருச்சு' என்று அவள் கத்திய அன்று இவன் கே.கே. நகர் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். போனில் கேட்டான்.

ரோகிணி இறந்து வருகிற திங்களோடு ஒரு வருடம். டெங்கு. ஆஸ்பத்திரியில் நான்கே நாள். அதன்பிறகு அவன் வேலையை விட்டான். துவரிமானில் அவள் போட்ட இந்த இருபது சென்ட் மீன் தோட்டத்தை, அவள் எழுதிய நோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

தலைத் திவசத்துக்கு என்று புதன்கிழமையே வந்திறங்கியவர்கள் இரண்டு பேர். அவள் அம்மா செல்லத்தாய். அவள் அண்ணன் சிவக்குமார். வந்த அன்றே செல்லத்தாய் சொன்னாள்: "இந்தத் தண்ணிதேன் எம்பிள்ளயத் தின்னுச்சு. திவசம் முடிஞ்சதும் இத மூடிருங்க மாப்ள." ஒரு வருடமாகவே அவன் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

வியாழக்கிழமை ஐயரைப் பார்க்க மதுரைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது டிரம்களின் வெளிப்புறம் மின்னியது. பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது தோன்றியது.

சிவக்குமார் வாசல் குழாயடியில் வாயில் பிரஷ்ஷோடு நின்றான்.

"மச்சான். டிரம்ம யாரு கழுவுனது?"

"நாந்தேன்." நுரையைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "பாத்துட்டியா? நீயாப் பாத்துச் சொல்லட்டும்னுதேன் சொல்லாம இருந்தேன் மாப்ள. அழுக்குன்னா அழுக்கு, அப்பிடி ஒரு அழுக்கு. கூழு கணக்கா வருது. பிரஷர் கன்ன வச்சு அடிச்சு, பிளீச்சிங் போட்டு ஒரு மணி நேரம் ஊற வச்சு, நாலு தடவ அலசி…"

சிவக்குமாரின் தொழிலே அதுதான். கே.கே. நகரில் முப்பது அபார்ட்மெண்டுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவும் கான்ட்ராக்ட் அவனுடையது. குட்டியானை வண்டி ஒன்று, பிரஷர் மெஷின் இரண்டு, ஆட்கள் நான்கு பேர். அவன் கழுவிய தொட்டியில் முகம் பார்க்கலாம் என்பார்கள்.

அழகுபாண்டி அந்தப் பிரஷ்ஷைப் பிடுங்கி எறிந்தான்.

"அந்தக் கூழுதான்யா உசுரு!"

தன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. உள்ளேயிருந்து செல்லத்தாய் ஓடி வந்தாள்.

"நாலு மாசம் வளத்தாய்யா அத! மீனு போடுற விஷத்தத் திங்கிறது அதுதேன். நீ அம்புட்டையும் கொன்னுட்ட. அங்க போய்ப் பாரு. அறுநூறு மீனு வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது."

"மாப்ள, நான் நல்லதுக்குத்தான…"

"யாரு கேட்டா உன் நல்லத? யாரு கேட்டா? ஊருல இருக்குற தொட்டியெல்லாம் பத்தலையா உனக்கு?"

"ஏய், வார்த்தையப் பாத்துப் பேசு." சிவக்குமாரும் எகிறினான். "திவசத்துக்கு நாலு சனம் வரும். நாத்தமெடுத்துக் கெடந்தா காறித் துப்ப மாட்டாக? அந்தப் பாசிக்குள்ள கெடந்துதான எந்தங்கச்சி கொசுக்கடி வாங்கிச் செத்தா?"

அழகுபாண்டியிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. ஒரு வருடமாகவே இருக்கிறது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

பின்னால் தொட்டியில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளை வயிறு தெரிந்தது.

பதிலை விழுங்கிவிட்டுத் தொட்டிக்கு ஓடினான்.

போர்வெல் மோட்டாரைப் போட்டு நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டான். கால்வாசிப் பழைய தண்ணீரை வெளியே விட்டான். ஒரே நேரத்தில் அதற்கு மேல் மாற்றினால் அதிலேயே மீன் அடிபடும். இது ஒரு நாளைக்குத் தாங்கும். அடுத்த நாள் அம்மோனியா மறுபடி ஏறும். கிருமி புதிதாகப் பிடிக்கத் தொடங்கவே ஒரு மாதம் ஆகும். அதுவரை மீன் இருக்காது. மற்ற மாதமென்றால் பாதி மீனையாவது விற்றுத் தொட்டியைக் குறைக்கலாம். புரட்டாசியில் வாங்குவதற்கு ஆள் கிடையாது. அதனால்தான் தொட்டியில் இவ்வளவு கூட்டமே.

நோட்டைப் புரட்டினான். இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றில் ரோகிணியின் சாய்ந்த எழுத்து: 'ஹலீம் பாய்க்கு 3 சாக்கு தோல் கல் கொடுத்தேன். ஒரு நாள் நமக்குத் தேவைப்பட்டால் திருப்பிக் கேட்கலாம்.'

அப்துல் ஹலீம் அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இந்தத் தோட்டத்து இரும்புத் தாங்கிகளெல்லாம் அவர் அடித்தவை. அடிக்க வந்தவருக்கு ஆசை பிடித்து, பட்டறைக்குப் பின்னால் அவரும் ஒரு தொட்டி போட்டுவிட்டார்.

சாக்கு கொண்டுவர வண்டி வேண்டும். வண்டி சிவக்குமாருடையது.

"வண்டிய எடு," என்றான் அழகுபாண்டி.

செல்லத்தாய் தொட்டிக்கரையில் நின்றிருந்தாள். புரட்டாசிச் சனி. நெற்றியில் நாமம், வயிற்றில் ஒன்றுமில்லை. மீன் இருக்கும் பக்கமே வரமாட்டேன் என்று புதன்கிழமையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள்.

அவள் கையில் ஒரு வாளியைக் கொடுத்தான்.

"மொண்டு மேல இருந்து ஊத்துங்க அத்தை. தண்ணியில காத்துக் கலக்கணும். பம்பு மட்டும் பத்தாது. நாங்க வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

அவள் வாளியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஒரு வருடத்தில் அவன் அவளிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

"போயிட்டு வாங்க," என்றாள்.

*

கோச்சடை தாண்டி பைபாஸ் ரோட்டைப் பிடித்தார்கள். வண்டிக்குள் புழுங்கியது. இரண்டு பேர் தோளும் இடித்துக்கொள்ளும் அளவுக்குத்தான் இடம். ஒவ்வொரு திருப்பத்திலும் இடித்தது. ஒவ்வொரு தடவையும் அழகுபாண்டி கதவோரம் நகர்ந்தான்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் சிவக்குமார் கடைசியில். "அழுக்கக் கழுவக் கூடாதுன்னு எந்த ஊருலய்யா சொல்லியிருக்கு?"

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ பேசுறியா? செவுத்துக்கிட்டப் பேசுனாலாவது எதிரொலி வரும்."

பழங்காநத்தம் சிக்னலில் நின்றார்கள்.

"நீ என்ன வேணாச் சொல்லு மாப்ள. அது கொசு அடையுற எடம்தேன்."

"மீனு கெடக்குற தண்ணியில கொசுப்புழு ஒண்ணே ஒண்ணு காட்டு. இன்னிக்கே தோட்டத்த மூடிர்றேன். புழு விழுந்த மறுநிமிசம் மீனு தின்னுரும்."

"அப்ப எங்கிட்டு இருந்துய்யா வந்துச்சு?"

அழகுபாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஷேர் ஆட்டோ ஒன்றில் பத்துப் பேர் தொங்கிக்கொண்டு போனார்கள்.

காய்ச்சல் கண்ட அன்று ரோகிணி தோட்டத்துக்குத் திரும்பி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒன்பது நாள் கே.கே. நகரில், அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அண்ணன் வீட்டு மாடியில் என்ன கிடக்கிறது என்று அழகுபாண்டிக்குத் தெரியும். காதுகுத்துக்குப் பந்தல் கட்ட மாடி ஏறியவன் அவன்தான்.

பச்சை விழுந்தது.

*

ஹலீம் பாய் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"யாருங்க இது? வழி தவறி வந்துட்டீகளா? போன் போட்டுப் போட்டு என் விரல் தேஞ்சு போச்சு. ஒரு வருசம் தம்பி! எடுத்தா கரண்ட் அடிக்குமா?"

"பாய், கல்லு வேணும்."

"ஸலாம் இல்ல, சொகமா இல்ல. கல்லு வேணுமாம்."

"தோல் செத்துப் போச்சு பாய். அம்புட்டும். யாரோ பிளீச்சிங் போட்டுட்டாக."

பாயின் முகம் மாறியது. கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டார்.

"பிளீச்சிங்கா! எந்த மடப்பய அப்பிடிச் செஞ்சான்?"

"நாந்தேன் பாய்," என்றான் சிவக்குமார்.

பாய் இருமினார். "சரி… வாங்க. உள்ள வாங்க."

பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. நீலத் தொட்டி. பாய் சட்டையைக் கழற்றிவிட்டு டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டு அள்ளினார். ஜல்லி பழுப்பாக, வழவழவென்று வந்தது. மழை பெய்த மண் வாசனை. அழகுபாண்டி ஒரு கல்லை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். சட்டென்று கையை மூடினான்.

"உங்க வீட்டுக்காரம்மா குடுத்தது தம்பி இது. சாக்க எறக்கி வச்சுட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'பாய், இதக் கழுவுனீங்க, உங்கள நான் கழுவிருவேன்'னுச்சு." பாய் சிரித்தார். சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "பாதிய எடுத்துக்கங்க. எனக்கு மறுபடி வளந்துரும்."

மூன்று சணல் சாக்கு நிறைந்தது. வெயிலில் காயாமல் இருக்கத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்தார்கள். ஒரு கேன் நிறையவும் அதே தண்ணீர்.

சாக்கைத் தூக்கிய சிவக்குமாரைப் பாய் உற்றுப் பார்த்தார்.

"ஆமா, நீங்க ரோகிணியோட அண்ணனா? கே.கே. நகரு?"

"ஆமா பாய்."

"அட! உங்களுக்குச் சேர வேண்டியது ஒண்ணு என்கிட்டக் கெடக்கு."

மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கப்பி மீன்கள், சுண்டுவிரல் நகம் அளவில், கூட்டம் கூட்டமாக.

"அந்தப் பிள்ளை உங்க வீட்ல இருந்து போன் போட்டுச்சு. விசேசத்துக்கு வந்திருக்கேன்னுச்சு. 'அண்ணன் வீட்டு மாடியில பழைய டிரம்மு ஏழெட்டு, மழத் தண்ணி பிடிச்சுக் கெடக்கு பாய். பூராம் கொசுப்புழு. சொன்னா இந்தா கவுக்குறேன், அந்தா கவுக்குறேங்குறாரு. பத்துக் கப்பி மீனு எடுத்து வைங்க, நானே வந்து வாங்கி விட்டுர்றேன்'னுச்சு. எடுத்து வச்சேன். அது வரல." மீன்களைப் பார்த்தபடியே சொன்னார். "பத்து இப்ப எரநூறு ஆயிருச்சு. என்ன தம்பி, எதுக்கு உக்காந்துட்டீக? கனமா இருக்கா சாக்கு?"

சிவக்குமார் சாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

பாய் பாலிதீன் பையில் தண்ணீர் விட்டு, கப்பிகளை வலையால் மொண்டு போட்டு, ரப்பர் பேண்டால் கட்டி அவன் கையில் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான்.

*

வில்லாபுரம் தாண்டி சிவக்குமார் வண்டியை ஓரங்கட்டினான். இறங்கினான். தெருமுனைக் கார்ப்பரேஷன் குழாயில் ஒரு மக்கு தண்ணீர் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனான்.

அழகுபாண்டி பாய்ந்து இறங்கி அவன் கையைத் தட்டிவிட்டான். மக்கு சாக்கடையில் போய் விழுந்தது.

"குளோரின் தண்ணிய்யா அது! மிச்சத்தையும் கொல்லணுமா?"

"காயுதுன்னு…" சிவக்குமார் சாக்குகளைக் காட்டினான். "காயுதுன்னுதேன்…"

அழகுபாண்டி கேனைத் திறந்து பாயின் தண்ணீரைச் சாக்குகளின் மேல் தெளித்தான். முடிக்கும்வரை சிவக்குமார் அங்கேயே நின்றான்.

"மாடியில கெடந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஆஸ்பத்திரியில வச்சு. கடைசிப் பத்து நாளு எங்க இருந்தாங்கன்னு டாக்டர் கேட்டாரு. பேப்பர்ல எழுதிக் குடுத்தது நாந்தேன்."

"ஏன் சொல்லல?"

"எந்தக் கொசு, எந்த டிரம்முன்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. ஆனா நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்ச மாதிரியே பேசுனீக. ஒரு வருசமா. உங்கம்மா போன் போட்டு அழும்போதெல்லாம் உங்க தொட்டி, உங்க தொட்டின்னுதேன் அழுதுச்சு."

"அதேன் கேக்குறேன். ஏன்யா சொல்லல?"

அழகுபாண்டி கேனின் மூடியைத் திருகினான். மெதுவாகத் திருகினான்.

"சேத்து வச்சிருந்தேன். நல்லாக் குத்துற மாதிரி ஒரு நேரம் வரும், அன்னிக்குச் சொல்லிக்கலாம்னு. திவசத்தன்னிக்கு, நாலு பேரு முன்னாடி. இன்னிக்குக் காலைலயே சொல்லியிருப்பேன்."

"அப்பறம்?"

"மீனு செத்துக்கிட்டு இருந்துச்சு. வண்டி உன்னுது."

சிவக்குமார் சிரித்த மாதிரி ஒரு சத்தம் போட்டான். அது சிரிப்பாக இல்லை. பிறகு ஏறி வண்டியை எடுத்தான். பைபாஸ் ரோட்டில் தோள்கள் இடித்துக்கொண்டன. அழகுபாண்டிக்கு நகர்ந்து உட்காரத் தோன்றவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்று தன்னைத் தடவிப் பார்த்தான். தீரவில்லை. அப்படியே இருந்தது. யார் மேல் என்பதுதான் இப்போது தெரியவில்லை.

*

பதினொன்றரைக்குத் தோட்டத்துக்கு வந்தார்கள்.

செல்லத்தாய் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தாள். புடவையை முழங்காலுக்குச் செருகியிருந்தாள். நாமம் வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. பக்கத்தில் ஒரு அலுமினியச் சட்டியில் செத்த மீன்கள். அவளே கையால் எடுத்துப் போட்டிருக்கிறாள். விரத நாளில்.

"முப்பத்தேழு," என்றாள்.

"போதும் அத்தை. உக்காருங்க."

"நிறுத்துனா மேல வந்து என்னயவே பாக்குதுக மாப்ள. எப்பிடி நிறுத்துறது?"

சாக்குகளை இறக்கினார்கள். அழகுபாண்டி டிரம்மிலிருந்து கழுவிய கல்லை அள்ளி வெளியே கொட்டினான். அந்த இடத்தில் சிவக்குமார் பழுப்புக் கல்லை வைத்தான். கொட்டவில்லை. இரண்டு கையாலும் அள்ளி, குனிந்து, உள்ளே இறக்கி வைத்தான். முப்பது அபார்ட்மெண்டுகளில் இந்த வழவழப்பைச் சுரண்டி எறிந்த கை. முழங்கை வரை பழுப்பானது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

நான்கு டிரம்முக்கும் பங்கு வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அழகுபாண்டி மறுபடி குழாயில் சொட்டு விட்டுக் குலுக்கினான். பச்சை. புதுத் தண்ணீர் விட்டதில் ஒரு சாயல் குறைந்திருக்கலாம். கல் வேலை செய்கிறதா என்று நாளைக் காலையில்தான் தெரியும். இன்னும் ஐந்நூற்று அறுபத்து மூன்று வாய்கள் மேலே நின்றன.

"கல்லு பிடிச்சுக்கிருமா?" என்றாள் செல்லத்தாய்.

"தெரியல அத்தை."

அவள் மீண்டும் வாளியை எடுத்தாள். மொள்ளக் குனிந்தவள் வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் பாலிதீன் பை. உள்ளே பொடி மீன்கள் வெயிலில் மின்னின.

"அது என்னடா, கப்பி மீனா? இந்தத் தொட்டியில விட்டா பெருசுக தின்னுருமே."

சிவக்குமார் வண்டிக்குள் கையை விட்டுப் பையை எடுத்தான்.

"எங்க விடப் போற?"

"நம்ம வீட்டு மாடிக்கும்மா."

"மாடிக்கா? மாடியில மீனு எதுக்கு? யாரு கேட்டா?"

சிவக்குமார் அழகுபாண்டியைப் பார்த்தான். அழகுபாண்டி கண்ணை எடுக்கவில்லை. ஒரு வருடம் சுமந்த வார்த்தை. இன்று அதைச் சொல்ல வேண்டியவன் வேறு ஆள். உதவி செய்ய அவனுக்கு மனமில்லை. தடுக்கவும் மனமில்லை.

"ரோகிணி கேட்டுச்சும்மா," என்றான் சிவக்குமார்.

வாளி பாதியில் நின்றது. அதிலிருந்து தண்ணீர் ஒழுகித் தொட்டியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

செல்லத்தாய் மகனிடம் கேட்கவில்லை. மெதுவாகத் திரும்பி மருமகனைப் பார்த்தாள்.

"எப்ப?" என்றாள்.